பாசி உலையின் கணக்கில் நிழலையும் சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில், நுண்பாசி வளர்க்கும் செங்குத்துக் கண்ணாடிப் பலகைகள் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நுண்பாசியைப் பற்றித் தமிழில் அரைப் பக்கம் வருவதே அபூர்வம் என்பதால் ஆசையோடு படித்தேன். நான்காவது பத்தியில் இருந்த ஓர் எண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் நாளொன்றுக்கு 300 கிராம் உலர்ந்த பாசி எடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

அந்த 300 எனக்குப் பழக்கமான எண். பல ஆண்டுகளுக்கு முன் நானே அதைக் கணக்குப் போட்டு, ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று புரிய எனக்கு ஒரு முழுக் கோடைக்காலம் பிடித்தது. இன்னொருவர் அந்தக் கோடையைத் திரும்பவும் செலவழிக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வேதிப்பொறியாளர். 22 ஆண்டுகள் திறந்தவெளிப் பாசி உலைகளை, அதாவது பாசி வளர்க்கும் குளங்களையும் கலன்களையும், வரைவதும், கட்டுவதும், ஓட்டிப் பார்ப்பதும்தான் என் வேலையாக இருந்தது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்த்து, இன்று குளம் எத்தனை டிகிரி போகும் என்று மனக்கணக்குப் போடும் பழக்கம் போகவில்லை.

முதலில் வெயிலின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மேகமில்லாத நல்ல நாளில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 20 மெகாஜூல். அதில் ஒளிச்சேர்க்கைக்கு உதவும் நிறங்களில் இருப்பது பாதிக்கும் சற்றுக் குறைவு. ஒரு கார்பன் டைஆக்சைடு மூலக்கூறைப் பிடித்து உணவாக மாற்றக் குறைந்தது 8 ஒளித்துகள்கள் செலவாகும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால், எந்தப் பாசியாக இருந்தாலும், எந்த உலையாக இருந்தாலும், விழுந்த வெயிலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தாண்டிச் சேமிக்க முடியாது. அது 2 மெகாஜூல். உலர்ந்த பாசி ஒரு கிராமில் சுமார் 20 கிலோஜூல் இருக்கிறது. அப்படியென்றால் உச்சவரம்பே 100 கிராம்தான். நன்றாக நடத்தப்படும் குளங்களில் ஆண்டு முழுக்கச் சராசரி பார்த்தால் 10 முதல் 25 கிராம் வரை கிடைக்கும். 300 கிராம் வேண்டுமென்றால் அந்த நிலத்துக்கு மட்டும் மூன்று சூரியன் உதிக்க வேண்டும்.

சரி, அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வந்தது? கட்டுரையில் பேசியவர் பொய் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. எங்கள் பலகை 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரம், 5 சென்டிமீட்டர் தடிமன். கண்ணாடித் தொட்டி ஒன்றை ஒடுக்கி நிமிர்த்தி வைத்தது போல இருக்கும். அடியில் துளையிட்ட குழாய் வழியாகக் காற்று குமிழியிடும். திறந்த வெளியில் அதை ஒற்றையாக நிறுத்தி, பத்து நாள் அளந்தேன். நாளுக்கு 30 கிராம் வந்தது. பலகை நின்ற இடம் 2 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர், அதாவது 0.1 சதுர மீட்டர். 30ஐ 0.1ஆல் வகுத்தேன். 300. வகுத்தலில் பிழையே இல்லை.

பிழை வெயிலின் வழியில் இருந்தது. ஒற்றைப் பலகை தன் காலடியில் விழும் வெயிலை மட்டும் குடிப்பதில்லை. காலையில் கிழக்கிலிருந்தும் மாலையில் மேற்கிலிருந்தும் சாய்ந்து வரும் ஒளி, வானத்தின் சிதறல் ஒளி, தரையில் பட்டுத் திரும்பும் ஒளி என்று எல்லாவற்றையும் இரு முகத்தாலும் வாங்கிக்கொள்கிறது. அதன் பின்னால் நீண்டு விழும் நிழல் இருக்கிறதே, அந்த நிழல் விழுந்த நிலமும் அந்தப் பலகை பிடித்துக்கொண்ட நிலம்தான். அதை நான் கணக்கில் எழுதவில்லை. அடுத்த கோடையில் அரை மீட்டருக்கு ஒன்றாக 24 பலகைகளை வரிசையாக நிறுத்தினோம். ஒவ்வொன்றும் பக்கத்துப் பலகையின் நிழலில் பாதி நாள் நின்றது. பலகைக்கு 14 கிராம்தான் வந்தது. இப்போது ஒரு பலகையின் பங்குக்கு வரும் நிலம், இடைவெளியோடு சேர்த்து, 1 சதுர மீட்டர். ஆக, சதுர மீட்டருக்கு 14 கிராம். பக்கத்தில் இருந்த சாதாரணக் குளம் அந்த மாதம் 12 கொடுத்துக்கொண்டிருந்தது.

இதைச் சொல்வதால் பலகைகள் பயனற்றவை என்று ஆகிவிடாது. அவற்றில் ஓர் அருமையான குணம் இருக்கிறது. உச்சி வெயிலின் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரும்பாலான பாசிகளுக்கு வயிறு நிறைந்துவிடும். அதற்கு மேல் கிடைப்பதை வெப்பமாக உதறுகின்றன. மிகவும் அதிகமானால் அவற்றின் ஒளிச்சேர்க்கை உறுப்பே சேதமாகிறது. கிடையாகக் கிடக்கும் குளத்தில் மேல்மட்டத்துப் பாசி திணறுகிறது, அடிமட்டத்துப் பாசி பட்டினி கிடக்கிறது. செங்குத்துப் பலகையோ அதே வெயிலை அதிகப் பரப்பில் மெல்லியதாகப் பரப்பிக் கொடுக்கிறது. இத்தாலியில் ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழகத்தின் மாரியோ டிரெடிச்சி, கம்பிச் சட்டத்துக்குள் பிளாஸ்டிக் பை செருகிய எளிய பலகைகளை உருவாக்கியதே இந்தக் குணத்துக்காகத்தான். ஒளியைப் பங்கிடுவதுதான் அதன் பலம். ஒளியைப் பெருக்க அதனால் முடியாது. கட்டுரை இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

செக் நாட்டின் த்ரெபோன் நகர ஆய்வகம் 1960களில் இதற்கு வேறொரு வழி கண்டது. சற்றே சரிந்த தளத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமனில் பாசி நீரை வழிய விட்டார்கள். நீர்ப்படலம் மெல்லியதாகவும், ஓட்டம் கொந்தளிப்பாகவும் இருப்பதால் ஒவ்வொரு செல்லும் நொடிக்குப் பல முறை வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் மாறி மாறி வரும். சாதாரணக் குளத்தில் லிட்டருக்கு அரை கிராம் பாசி என்றால், அதில் பத்துக் கிராமைத் தாண்டுகிறது. அறுவடைக்குத் தள்ள வேண்டிய தண்ணீர் அந்த அளவுக்குக் குறைகிறது. அந்த வடிவமைப்பின் படத்தை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு எளிமை.

அடுத்து, வெப்பம். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. திறந்தவெளி உலையில் என் தூக்கத்தைக் கெடுத்தது எல்லாவற்றையும் விட இதுதான்.

பலகைக்கு முன்பே நாங்கள் கண்ணாடிக் குழாய் உலை ஒன்று கட்டியிருந்தோம். 120 மீட்டர் ஒரே ஓட்டம், வளைந்து வளைந்து வேலி போல. பம்ப் நீரை நொடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில் தள்ளும். பார்க்க மிக அழகாக இருந்தது. வந்தவர்கள் எல்லாம் அதன் முன் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். கோடையின் முதல் கடுமையான வெயில் நாளில் பகல் ஒன்றரை மணிக்கு வெப்பமானி 43 டிகிரி காட்டியது. வெளியே 32தான். மூடிய குழாய்க்குள் நீர் ஆவியாக வழியில்லை. வெயிலின் சூடு முழுவதும் உள்ளேயே தங்கிவிட்டது. மாலைக்குள் பச்சை மங்கி மஞ்சளாகி, மறுநாள் காலை பழுப்பாகி நுரைத்துக் கிடந்தது. மூடியைத் திறந்ததும் வந்த நாற்றத்தை இங்கே விவரிக்க வேண்டாம்.

சூடு மட்டும் காரணம் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில், 25 டிகிரியில், லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். குழாயில் அடர்த்தியாக வளரும் பாசி உச்சி வெயிலில் நிமிடத்துக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரை ஆக்சிஜனை விடக்கூடும். எங்கள் குழாயில் நீர் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக 5 நிமிடம். நடுவில் வெளியேற இடமில்லை. அப்படியானால் கடைசி வளைவுக்கு வரும்போது ஆக்சிஜன் 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கும். அவ்வளவு ஆக்சிஜனில், கார்பன் டைஆக்சைடைப் பிடிக்க வேண்டிய நொதி ஆக்சிஜனைப் பிடித்து ஏமாறுகிறது. கூடவே கடும் வெயிலும் சேர்ந்தால் செல்லே வெந்து போனது போல ஆகிவிடும். நாம் மூச்சு விடுவதற்கு உயிரான வாயு, அதைத் தந்த உயிரையே கொன்றுவிட்டது. குழாய் ஓட்டத்தை 60 மீட்டராக வெட்டி, ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் வாயு பிரியும் தொட்டி வைத்து, மேலே நீர் தெளிக்கும் வரிசை ஒன்றும் போட்ட பிறகுதான் அந்த உலை அடுத்த கோடையைத் தாண்டியது.

அந்தத் தெளிப்பு நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடிய உலையில் தண்ணீர் மிச்சம் என்று கட்டுரை சொல்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக 2.4 மெகாஜூல் வேண்டும். 20 மெகாஜூல் வெயிலின் பெரும்பகுதியை ஆவியாதல் மூலமாகவே வெளியேற்றினால் சதுர மீட்டருக்கு 7, 8 லிட்டர் போகும். வறண்ட வெப்பமான நாளில் திறந்த குளம் இழப்பதும் ஏறக்குறைய அதே 7, 8 மில்லிமீட்டர்தான். குளம் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள நீரை இழக்கிறது. மூடிய உலையைக் குளிர்விக்க நாம் வெளியிலிருந்து அதே நீரை இழக்கிறோம். தெளிக்கும் நீர் உப்பு நீராகவும் இருக்கலாம், மறுபடி பயன்படுத்தலாம் என்பது நல்ல வசதிதான். ஆனால் அந்தத் தொட்டி, அந்தப் பம்ப், அந்தத் தண்ணீர் எல்லாம் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சிக்கலும் அல்ல. 1951இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், கார்னகி நிறுவனத்துக்காக ஒரு கட்டடக் கூரையில் பெரிய பிளாஸ்டிக் குழாய்களில் குளோரெல்லா என்ற பச்சை நுண்பாசியை வளர்த்துப் பார்த்தார்கள். ஆய்வகத்துக்கு வெளியே பெரிய அளவில் நடந்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. அங்கேயும் முதலில் மாட்டிய சிக்கல் குளிரூட்டல்தான். அதற்கு நேர் எதிரான அனுபவம் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில். அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நடத்திய பாசித் திட்டத்தில், அங்கே ஆயிரம் சதுர மீட்டர் குளங்களை ஓட்டினார்கள். பாலைவனம், ஏராளமான வெயில். ஒற்றை நாள் விளைச்சல் 50 கிராம் வரை கூடப் போனது. ஆண்டுச் சராசரி 10 கிராம் அளவில் நின்றது. இரவுக் குளிரும் குளிர்காலமும் இழுத்துப் பிடித்துவிட்டன. 50 என்பதும் உண்மை, 10 என்பதும் உண்மை. செய்தியில் எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து வாசகர் மனதில் இரண்டு வேறு உலகம் உருவாகிறது.

குளிர்ந்த காலையின் தீமையை நேரில் கண்டிருக்கிறேன். இரவில் பாசி வளர்வதில்லை. பகலில் சேர்த்ததில் ஒரு பகுதியைச் சுவாசித்தே தீர்க்கும், சில நேரம் கால் பங்கு வரை. விடிந்ததும் வெளிச்சம் உடனே ஏறிவிடும், குளத்து நீர் மெதுவாகத்தான் சூடாகும். வெளிச்சத்தைச் செரிக்கும் வேதிவினைகள் குளிரில் சோம்பிக் கிடக்க, மேலே ஒளி கொட்டிக்கொண்டே இருக்கும். காலை எட்டு மணிக்குப் பாசி வெயிலில் அடிபடும் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் அவிகாத் வொன்ஷாக் குழுவினர் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். ஸ்பைருலினாவுக்கு 35 டிகிரி பக்கம் வந்தால்தான் உற்சாகம். ஆகவே, குளத்தின் ஆழத்தை ஒளிக்காக மட்டும் முடிவு செய்ய முடியாது. ஆழம் குறைந்தால் காலையில் சீக்கிரம் சூடாகும், பகலில் அதிகம் கொதிக்கும், இரவில் அதிகம் குளிரும். நான் 20 சென்டிமீட்டருக்கும் 25க்கும் நடுவே எத்தனை முறை மனம் மாறினேன் என்று என் பழைய நோட்டுப் புத்தகங்கள் சொல்லும்.

கட்டுரை குளங்களைப் பழங்கால முறை என்று இரண்டு வரியில் தள்ளிவிட்டது எனக்கு வருத்தம். ரேஸ்வே என்று நாங்கள் சொல்லும் வளையக் குளத்தை, கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950களில் கழிவுநீரைச் சுத்தம் செய்ய உருவாக்கினார். ஓட்டப்பந்தயத் தடம் போல நீள்வட்டம், நடுவே ஒரு சுவர், ஒரு பக்கம் மெதுவாகச் சுற்றும் துடுப்புச் சக்கரம். இன்று உலகில் விற்பனைக்கு வளரும் ஸ்பைருலினாவில் பெரும்பகுதி இந்தக் குளங்களில்தான் வளர்கிறது. எளிய பொருள் போலத் தெரியும், ஆனால் வடிவமைக்கும்போது ஒவ்வொரு சென்டிமீட்டரும் பேசும்.

எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தவர் பொறியாளர் அல்ல. குளத்தைப் பார்த்துக்கொண்ட பணியாளர், என்னை விடப் பத்து வயது மூத்தவர். நான் ஓட்டவேகத்தை மானி வைத்து அளந்து, நொடிக்கு 25 சென்டிமீட்டர், எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவர் குளத்தில் இறங்கி, நடுச்சுவர் முடிந்து நீர் திரும்பும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் கையை விட்டு, கை நிறையக் கருஞ்சேற்றை அள்ளிக் காட்டினார். "மேடம், இங்க தண்ணி ஓடல. நின்னு சுத்துது" என்றார். நீர் வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சுவரை விட்டு விலகிப் போய்விடும். அந்த இடத்தில் செத்த நீர் தங்கும், செல்கள் படிந்து அழுகும், அழுகலைத் தின்னும் நுண்ணுயிர்கள் அங்கிருந்து குளம் முழுக்கப் பரவும். நான் மானியை வைத்ததெல்லாம் நேரான பகுதியில். வளைவில் அரைவட்டத் தகடுகள் மூன்று வைத்து நீரை வழிநடத்தினோம். அந்த மூலையில் சேறு படிவது நின்றது.

அதுவரை சேறு படிவதைத் தடுக்க நான் செய்துகொண்டிருந்தது என்ன தெரியுமா? சக்கரத்தை வேகமாகச் சுற்றினேன். ஓட்டத்துக்குத் தேவையான மின்திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகம் நொடிக்கு 20இலிருந்து 30 சென்டிமீட்டருக்குப் போனால் திறன் ஒன்றரை மடங்கு ஆவதில்லை, மூன்று மடங்குக்கும் மேல் ஆகிறது. 40 என்றால் எட்டு மடங்கு. வளைவில் மூன்று தகடு செய்ய வேண்டிய வேலையை மின்சாரத்தைக் கொட்டிச் செய்ய முயன்றிருக்கிறேன். குழாய் உலைகளில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. ஒரு கன மீட்டர் நீரைக் கலக்க ரேஸ்வேயில் சில வாட் போதும். குழாய் உலைகளில் நூற்றுக்கணக்கான வாட் போகும். உயர்ந்த மதிப்புள்ள நிறமிக்கோ மருந்துப் பொருளுக்கோ அது தகும். எரிபொருளுக்குப் பாசி வளர்க்கிறோம் என்றால், பாசியில் கிடைப்பதை விடப் பம்ப் தின்றது அதிகமாக இருக்கக் கூடாது அல்லவா?

இதே பணியாளர்தான் பலகைகளின் உள்முகத்தில் படியும் பச்சைப் படலத்தையும் முதலில் காட்டினார். வாரக்கணக்கில் ஓடினால் கண்ணாடியின் உள்ளே பாசி ஒட்டி, வெளிச்சத்தை அங்கேயே மறித்துவிடும். நீண்ட கைப்பிடியில் பஞ்சு கட்டி, ஒவ்வொரு பலகையாக அவர் துடைப்பார். 24 பலகைக்கு ஒன்றரை நாள். அரை மீட்டர் இடைவெளியில் பக்கவாட்டில் நடந்துதான் போவார்.

குளங்களின் குறைகளை மறைக்க நான் விரும்பவில்லை. வெளியிலிருந்து எது வேண்டுமானாலும் விழும். ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கு புகுந்தால் நான்கே நாளில் பச்சைக் குளம் தெளிந்த நீராகிவிடும். ஒரு கனமழை 5 சென்டிமீட்டர் பெய்தால் 20 சென்டிமீட்டர் குளத்தில் கால் பங்கு நீர் கூடிப் பாசி நீர்த்துப் போகும். கரையின் உயரத்தைத் தாராளமாக வைக்காதவர் பாசியை வழிய விட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதனால்தான் பெரிய குளங்களில் நிலைத்தவை எல்லாம் பிடிவாதக்கார உயிர்கள். காரத்தைக் காட்டும் pH அளவு 9.5க்கு மேல் ஏறிய நீரில் ஸ்பைருலினா, கடலை விடப் பல மடங்கு உப்பான நீரில் டுனாலியெல்லா என்ற நுண்பாசி. ஆஸ்திரேலியாவில் நூற்றுக்கணக்கான ஹெக்டேர் உப்புக் குளங்களில் டுனாலியெல்லா வளர்க்கிறார்கள், அங்கே துடுப்புச் சக்கரம்கூட இல்லை. மென்மையான இனம் வேண்டுமென்றால் மூடிய உலைதான் வழி. ஜெர்மனியின் க்ளோட்ஸெயில் 500 கிலோமீட்டர் கண்ணாடிக் குழாயில், 700 கன மீட்டர் நீரில் குளோரெல்லா வளர்க்க ஓர் ஆலையையே கட்டினார்கள். எந்த உயிரை வளர்க்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் உலையை வரைய உட்கார வேண்டும். நான் பார்த்த தோல்விகளில் பாதி, உலையை முதலில் வரைந்துவிட்டு உயிரைப் பிறகு தேடியவை. என் குழாய் உலையும் அதில் ஒன்று.

இவ்வளவு நீளமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. கட்டுரை வந்த மறுநாள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி அதை வெட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். இதை என் இறுதித் திட்டமாகச் செய்யலாமா என்று கேட்டாள். கண்ணில் அவ்வளவு ஒளி. 300 கிடைக்கும் என்று நம்பி இறங்கி, 14 கிடைத்ததும் தான் தோற்றுவிட்டதாக அவள் நினைத்துக்கொள்ளக் கூடாது. 14 கிடைப்பது தோல்வி அல்ல. அதை 18 ஆக்குவது ஒரு வாழ்நாள் வேலை, நல்ல வேலை. ஆனால் 300 என்று அச்சில் வந்துவிட்டால், 18 கிராமைக் கொண்டுவந்து காட்டுபவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தத் துறைக்குப் பலமுறை இது நடந்திருக்கிறது. உலகத்தின் பசியைத் தீர்க்கும் என்றார்கள், பிறகு எண்ணெய்க் கிணறுகளை மூடிவிடும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் அலை வடிந்த பிறகு, ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த சிறிய குழுக்களும் சேர்ந்தே காய்ந்து போயின.

எனவே தங்கள் ஆசிரியர் குழுவிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படிப்பட்ட செய்தி வரும்போது, எத்தனை கிராம் என்று கேட்டதும் நிறுத்திவிடாமல், இடைவெளியும் நிழலும் சேர்த்து எவ்வளவு நிலத்துக்கு என்று கேளுங்கள். எத்தனை நாள் சராசரி, அதில் குளிர்காலமும் மழைக்காலமும் இருந்தனவா என்று கேளுங்கள். ஒரு கிலோ பாசிக்குக் கலக்கவும் குளிர்விக்கவும் எத்தனை யூனிட் மின்சாரம் போனது, அந்த ஒரு கிலோவுக்கு வேண்டிய 1.8 கிலோ கார்பன் டைஆக்சைடு எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். ஒழுங்காக அளந்தவர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். அளக்காதவரும் திரும்பிப் போய் அளப்பார்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த பெரிய வண்ணப் படத்தைப் பற்றி. பலகைகளை ஒரு சாண் இடைவெளியில் நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். நடுவே ஓர் ஆள் நுழைய வழி தெரியவில்லை. வடிவமைத்தவரிடம் தாங்கள் மறுபடி பேச நேர்ந்தால், உள்முகத்தைத் துடைக்கப் போகிறவர் எந்தப் பக்கமாக உள்ளே போவார் என்று எனக்காகக் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வேதிப்பொறியாளர், தங்கள் நீண்ட நாள் வாசகி